பக்கத்தின் தலையில் ஒரு வரி

பிரிண்டரையே காணாமல் அச்சிடும் கட்டளைகளைப் பற்றி முப்பத்திரண்டு பக்கம் எழுதியவள் நான். இதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்த காலமும் உண்டு. அப்போது எனக்கு வயது இருபத்தைந்து. ஆங்கிலம் தெரியும் என்ற தலைக்கனம் வேறு.

சண்டை நின்று, வவுனியாவுக்குப் போகும் பாதை திறந்து ஒரு வருடமாகியிருந்தது. புளியங்குளம் சந்திக்குக் கிட்ட, முன்பு நெல் மூட்டை அடுக்கி வைத்திருந்த கட்டடம் ஒன்றைக் கழுவித் துடைத்து அதற்குள் கணினி நிலையம் ஒன்றைத் திறந்தார்கள். அங்கே படிப்பிக்க என்னைப் போட்டார்கள். மூன்று கணினிகள். அதில் ஒன்று எந்த நாளும் சுகமில்லாதது. கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒரு பொறியியலாளர் அவற்றைக் கொண்டுவந்து பூட்டி, எழுதுவதற்கென்று எடிட்டர் என்கிற ஒரு மென்பொருளையும் போட்டுத் தந்தார். அது சும்மா எடிட்டர் இல்லையாம். அதற்குள்ளேயே நிரல் எழுதி, அது என்ன செய்யவேண்டும் எப்படிச் செய்யவேண்டும் என்பதையெல்லாம் நாங்களே மாற்றிக்கொள்ளலாமாம்.

“ரீச்சர், இது நீங்கள் சொல்லுற எல்லாம் செய்யும். தேத்தண்ணி மட்டுந்தான் போடாது. அதையும் ஒரு நாளைக்கு ஆரும் எழுதிப்போடுவாங்கள்,” என்றார் அவர்.

அவர் விமானம் ஏறி இரண்டு கிழமை ஆகவில்லை, ஜெனரேற்றருக்கு மண்ணெண்ணெய் தீர்ந்துபோயிற்று. தேத்தண்ணீர் அடுப்புக்கு வைத்திருந்த போத்தலை எடுத்து அதற்குள் ஊற்றினோம். அன்றைக்கு எடிட்டர் வேலை செய்தது, தேத்தண்ணீர்தான் இல்லை.

நிலையத்தின் பணிப்பாளர் முன்பு புவியியல் படிப்பித்தவர். கணினியைத் தொடமாட்டார். தொட்டால் ஏதாவது அழிந்துவிடும் என்று பயம். கணினியைப் பற்றிப் பேசச் சொன்னால் மட்டும் மத்தியானச் சாப்பாட்டையும் மறந்துவிடுவார். அவருடைய உண்மையான தொழில் அறிக்கை எழுதுவது. கொழும்பில் எங்களுக்கு உதவி செய்த ஆட்களுக்கு மாதாமாதம் ஓர் அறிக்கை போகும். அதில் ‘தமிழ்க் கையேடு’ என்று ஒரு கட்டம் இருந்தது. எந்த அத்தியாயம் முடிந்தது, எது முடியவில்லை என்று அதில் போடவேண்டும். கோப்புத் திறத்தல் முடிந்தது. தேடுதல் முடிந்தது. அச்சிடுதல் மட்டும் மூன்று மாதமாக வெறுமனே கிடந்தது. அந்த வெற்று இடம் அவரை நித்திரை கொள்ள விடவில்லை.

“பிள்ளை, அச்சிடுற அத்தியாயம் எப்ப முடியும்?”

“சேர், எங்களிட்டப் பிறின்ரர் இல்லையே.”

“பிறின்ரர் வரும். அது வரேக்க கையேடு றெடியா இருக்கவேணும். வந்தாப்பிறகு எழுதத் தொடங்கினால் பிந்திப்போம் எல்லோ?”

எழுதத் தொடங்கினேன்.

எடிட்டருக்குள்ளேயே ஆங்கிலத்தில் உதவிக் குறிப்புகள் இருந்தன. அவற்றை வாசித்து, அகராதியைப் பார்த்து, கட்டளையை அடித்துப் பார்த்து எழுதுவதுதான் வேலை. ஒரு காகிதத்தை வெளியே தள்ளுவதற்கு அந்த எடிட்டரில் பதினொரு கட்டளைகள் இருந்தன. முழுவதையும் அச்சிட ஒன்று. குறித்த பகுதியை மட்டும் அச்சிட இன்னொன்று. எழுத்தின் நிறங்களோடு அச்சிட ஒன்று, நிறமில்லாமல் அச்சிட ஒன்று. உடனே அச்சிடாமல் சேர்த்து வைத்து, பிறகு எல்லாவற்றையும் ஒன்றாகத் தள்ளிவிட ஒன்று. இந்தக் கடைசிக் கட்டளைக்கு நான் கூட்டுறவுச் சங்கக்கடையை உதாரணம் காட்டினேன். சீனி வந்திருக்கிறதென்று கேள்விப்பட்டு எல்லோரும் வரிசையில் நிற்பார்கள், மனேச்சர் கதவைத் திறந்தால்தான் அலுவல் நடக்கும் என்று எழுதினேன். பணிப்பாளர் அந்த இடத்தில் சிவப்புப் பேனையால் ‘மிக நன்று’ என்று போட்டார். அவருக்கு விளங்கிய ஒரேயொரு பந்தி அதுதான்.

ஒவ்வொரு கட்டளையையும் அடித்துப் பார்த்தேன் என்று சொன்னேன் அல்லவா? அதுதான் பெரிய பகிடி. பிரிண்டர் இல்லை, காகிதம் இல்லை, ஒரு வயர்கூட இல்லை. ஆனாலும் கட்டளையை அடித்தவுடன் திரையின் அடியில் ‘அச்சிடுகிறேன்… முடிந்தது’ என்று ஆங்கிலத்தில் வரும். நானும் ‘முடிந்தது என்ற செய்தி தோன்றும்’ என்று கையேட்டில் எழுதிவிட்டு அடுத்த கட்டளைக்குப் போவேன். எங்கள் பணிப்பாளரின் அறிக்கையும் அந்த எடிட்டரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்திருக்க வேண்டும். பதினொரு கட்டளைகளும் முடிந்தன. ஒரு எழுத்துக்கூட எங்கும் விழவில்லை.

இவற்றில் இரண்டு கட்டளைகளைப் பற்றி மட்டும் விவரமாகச் சொல்லவேண்டும். ஒன்றை அடித்தால், ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் எடிட்டரே தன் பாட்டில் ஒரு வரியைச் சேர்க்கும். அந்த வரியில் கோப்பின் பெயரும் பக்க எண்ணும் இருக்கும். மற்றதை அடித்தால் அந்த வரி வராது, நாங்கள் எழுதியது மட்டுமே வரும். வித்தியாசம் அவ்வளவுதான். கையேட்டில் அந்த வரிக்குத் ‘தலைவரி’ என்று நானே ஒரு பெயர் கண்டுபிடித்து வைத்தேன். கண்டுபிடித்த சொல்லில் எனக்கு ஒரு மோகம் வந்துவிட்டது. ‘அலுவலகக் கடிதங்களை எப்போதும் தலைவரியோடு அச்சிடுக. அதுவே முறை’ என்று எழுதி அடியில் கோடும் போட்டேன். யார் சொன்ன முறை? ஒருவரும் சொல்லவில்லை. நான் அதுவரை ஓர் அலுவலகத்திலும் வேலை செய்ததில்லை.

தலைவரியில்லாமல் அச்சிடும் கட்டளைக்கு ஒன்றரை வரிதான் கொடுத்திருந்தேன். கடைசியில் அதையும் வெட்டினேன்.

“தலை இல்லாமல் ஆர் கடிதம் அனுப்புவான்?” என்று பணிப்பாளரும் ஒத்துக்கொண்டார். அறிக்கையில் ‘அச்சிடுதல்: முடிந்தது’ என்று போனது. பிரிண்டர் அதற்குப் பிறகு இரண்டு மாதம் கழித்து வந்தது.

ஓமந்தை இராணுவச் சோதனைச் சாவடியில் அதை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்கள். ஊசியால் குத்திக் குத்தி எழுதுகிற பழைய வகை, தொடர்ச்சியான காகிதம், பாதி தேய்ந்த ரிபன். அது வேலை செய்யத் தொடங்கினால் தகரத்தில் ஆணி இழுப்பதுபோல் ஒரு சத்தம் வரும். தமிழ் எழுத்து அதற்கு வராது, ஆங்கிலம் மட்டுந்தான். அச்சிடுதல் பற்றிய முப்பத்திரண்டு பக்கத் தமிழ் அத்தியாயத்தை அதனால் அச்சிட முடியவில்லை. அதை நான் கையால் மூன்று பிரதி எழுதினேன்.

முதல் முதல் அச்சிட்டது பணிப்பாளரின் ஆங்கில அறிக்கை. தலைவரியோடு. பக்கத்தின் உச்சியில் கோப்பின் பெயரும் ‘பக்கம் 1’ என்பதும் வந்ததைப் பார்த்து அவருக்கு வாயெல்லாம் பல்.

“பாத்தீரே பிள்ளை? கொழும்புக் கந்தோர்க் கடிதம் மாதிரியே கிடக்கு!”

நானும் பூரித்துப்போனேன். மறைக்க என்ன இருக்கிறது.

ஆங்கிலத்தில் கடிதம் அடித்துக் கொடுக்கிறார்களாம் என்ற கதை சுற்று வட்டாரத்தில் பரவியது. மல்லாவியிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். முல்லைத்தீவுப் பக்கத்தார் வவுனியாவுக்குப் போவதென்றால் நெடுங்கேணி வழியாக வந்து எங்கள் சந்தியில் இறங்கி பஸ் மாறவேண்டும். பஸ் வரும்வரை ஒரு கடிதம் அடிப்பிப்போம் என்று வருவார்கள். நான் கேட்டு, ஆங்கிலத்தில் எழுதி, அச்சிட்டுக் கொடுப்பேன். ஜெனரேற்றர் பத்து மணியிலிருந்து பன்னிரண்டரைவரைதான் ஓடும் என்பதால் எப்போதும் அவதி அவதியாகத்தான் நடக்கும்.

கோப்புகளுக்குப் பெயர் வைப்பதில் எனக்கு ஒரு முறை இருந்தது. ஆட்களின் சொந்தப் பெயரை வைத்தால் பிறகு தேடிப் பிடிக்க முடியாது. ஒரே பெயரில் ஐந்து பேர் இருப்பார்கள். அதனால் ஊரில் எப்படி ஆளை அடையாளம் சொல்கிறோமோ அப்படியே வைப்பேன். எங்கள் பக்கத்தில் ஒருவரை அவர் எங்கிருந்து வந்தாரோ அந்த ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். என் அப்பா குளத்துத் தண்ணீர் பாயும் காணி கிடைத்துப் பருத்தித்துறையிலிருந்து முரசுமோட்டைக்கு வந்து நாற்பது வருடம். காடு வெட்டினவர், வயல் திருத்தினவர், அம்மாவை அந்த மண்ணிலேயே எரித்தவர். இன்றைக்கும் அவர் பருத்தித்துறையார்தான். ஒருமுறை கமக்காரர் சங்கத்தில் தலைவர் பதவிக்கு அவருடைய பெயரைச் சொன்னபோது, “அவர் வந்த ஆளெல்லோ,” என்று ஒருவர் எழும்பிச் சொன்னார். அப்பா அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கோப்புகளுக்கு அப்படிப் பெயர் வைத்தேன்.

நானா வந்தது ஒரு புதன்கிழமை. வயதில் மூத்த முஸ்லிம் ஆண்களை நாங்கள் அப்படித்தான், அண்ணா என்பதுபோல், கூப்பிடுவோம். ஐம்பது வயதிருக்கும். வெள்ளைச் சேர்ட், சாரம், கையில் பொலித்தீன் பை. முல்லைத்தீவில் புடைவைக் கடை வைத்திருந்தவர். தொண்ணூறில் புலிகள் முஸ்லிம் ஆட்களைப் போகச் சொன்னபோது, உடுத்த உடுப்போடு மனைவியையும் கூட்டிக்கொண்டு போனவர். பதின்மூன்று வருடம் புத்தளத்தில் முகாமில் இருந்தார். பாதை திறந்த பிறகு மனைவியோடும் அங்கே பிறந்த மகளோடும் திரும்பி வந்து, முல்லைத்தீவுக்குக் கிட்ட முள்ளியவளையில் தன் பழைய காணி ஓரமாகத் தறப்பாள் கட்டி இருந்தார். காணிக்குள் பற்றை மண்டிக் கிடந்தது. வீட்டில் மிஞ்சியது அத்திவாரம். காணியின் உறுதிப் பத்திரம் ஓடின ஓட்டத்தில் போய்விட்டது.

“தங்கச்சி, வவுனியாவில விசாரணை வைக்கினமாம். நாங்கள் முல்லைத்தீவுச் சொந்த ஆக்கள் எண்டு மனுக் குடுத்தால் பெயர் பதிவினமாம். பதிஞ்சால்தான் காணி திரும்பி வரும், வீட்டுக்கு உதவியும் வரும். பதியாட்டி நான் அங்க ஒருத்தனும் இல்லை.”

பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணிவரை அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். காணிக்குக் கிழக்கே யார், மேற்கே யார், கிணறு எந்த மூலையில், தகப்பனார் எந்த வருடம் கடை போட்டார், தான் எந்தப் பள்ளிக்கூடத்தில் எத்தனையாம் வகுப்புவரை படித்தார் என்று எல்லாம் சொன்னார். ஒரு இடத்தில் நிறுத்தி, “வாசல்ல ஒரு விளாட் மாமரம் நிண்டது. அதையும் போடுங்கோ,” என்றார். போட்டேன். மூன்று பக்கம். நான் எழுதிய ஆங்கிலத்திலேயே மிகத் திறமானது அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அந்த மாதம் என்னிடம் ஏற்கனவே இரண்டு நானாமார் கடிதம் அடிப்பித்திருந்தார்கள். ஒருவர் மீன் யாவாரம், மற்றவர் லொறி வைத்திருந்தவர். இவரைக் குழப்பாமல் இருக்கவேண்டுமே. கோப்புக்கு ஆங்கில எழுத்தில் ‘புத்தளம் நானா’ என்று பெயர் வைத்தேன். யோசிக்கவேயில்லை. பிறகு கையேட்டில் உள்ளபடி, முறைப்படி, தலைவரியோடு அச்சிட்டேன்.

ஜெனரேற்றர் இருமத் தொடங்கியிருந்தது. எழுத்துப் பிழை பார்த்தேன், கையெழுத்து வாங்கினேன், பக்கங்களைப் பின் அடித்துக் கொடுத்தேன். பக்கத்தின் தலையில் கிடந்த வரி என் கண்ணில் படவில்லை. அது ஒவ்வொரு நாளும் வருகிற வரி, நானே கோடு போட்டுச் சிபாரிசு செய்த வரி. நானாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. மூன்று பக்கத்தையும் தடவிப் பார்த்துவிட்டு, “வடிவாக் கிடக்கு தங்கச்சி,” என்று சொல்லிப் பையில் வைத்தார். பஸ்ஸில் ஏறுமுன் எனக்கு இரண்டு கதலி வாழைப்பழம் வாங்கித் தந்தார்.

ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். விசாரணை நாளில் காலை ஏழு மணியிலிருந்து காத்திருந்தாராம். முல்லைத்தீவுப் பட்டியலை வாசித்து முடித்தார்கள். அவருடைய பெயர் இல்லை. பின்னேரம் ஒரு கிளாக்கரைப் பிடித்துக் கேட்டிருக்கிறார். அவர்கள் மனுக்களை மேல்வரியைப் பார்த்து ஊர் ஊராகப் பிரித்து அடுக்கியிருக்கிறார்கள். இவருடைய மனுவின் மேல்வரியில் புத்தளம் என்று இருந்தது. முதலாம் பக்கத்தில், இரண்டாம் பக்கத்தில், மூன்றாம் பக்கத்திலும். அதனால் அது புத்தளக் கட்டோடு கட்டப்பட்டுப் புத்தளத்துக்கே போய்விட்டது.

அவர் அந்த மனுவின் பிரதியை மேசையில் வைத்து, பக்கத்தின் தலையில் விரலை வைத்தார். ஒரு விரல்தான். சத்தம் போடவில்லை.

“இது என்ன தங்கச்சி?”

நான் செய்த முதல் காரியத்தை இன்றைக்கு எழுதவே கூசுகிறது. கையேட்டை எடுத்து, பத்தொன்பதாம் பக்கத்தைப் புரட்டி, கோப்பின் பெயர் தலையில் வரும் என்று தெளிவாக எழுதியிருக்கிறேன் என்று அவருக்குக் காட்டினேன். வாசிக்க மாட்டாத ஆங்கிலக் கடிதத்தோடு வந்த மனிதருக்கு, அவர் ஒருநாளும் பார்த்திராத கையேட்டை! அவர் அதை மரியாதையாக வாசித்தார். தமிழ் அல்லவா, வாசிக்க முடிந்தது.

“அது சரி. வரும் எண்டு விளங்குது. பேர் வைச்சது ஆர்?”

“நான்தான் நானா.”

“ஏன் அப்பிடி வைச்சனீங்கள்?”

“நீங்கள் அங்கயிருந்து வந்தபடியால்…”

“நான் முல்லைத்தீவில பிறந்தனான் தங்கச்சி. ரெண்டு மணித்தியாலம் உங்களுக்கு அதைத்தானே சொன்னனான்.”

பணிப்பாளர் எழும்பி வந்து, பிரதியை மேலும் கீழும் பார்த்து, தீர்ப்புச் சொன்னார்: “இதில ஒருத்தரின்ரையும் பிழை இல்லை. பிறின்ரர் சரியாத்தான் வேலை செய்திருக்கு.”

அன்றைக்கே மனுவைத் திரும்ப அச்சிட்டேன். நான் வெட்டியெறிந்த கட்டளையால், தலைவரியில்லாமல். நடந்ததை விளக்கி, தவறு என்னுடையது என்று இன்னொரு கடிதமும் எழுதிக் கையெழுத்து வைத்தேன். அடுத்த திங்கட்கிழமை அவரோடு வவுனியாவுக்கு நானும் போனேன். புலிகள், இராணுவம் என்று இரண்டு பக்கச் சோதனையும் தாண்டிப் போய்ச் சேரப் பதினொரு மணி. மனுக்களைப் பதிகிற கந்தோரில் இருந்த அதிகாரி என் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். கோப்பின் பெயரை எடிட்டர் தானாகவே பக்கத்தில் போடும் என்பதை அவர் நம்பவில்லை. “நீங்கள் அடிக்காமல் அது எப்பிடி வரும் மிஸ்?” என்று கேட்டார். நான் கையேட்டையும் கொண்டுபோயிருந்தேன். நீட்டவில்லை.

“முதல் மனு புத்தளத்தில நிக்குது. அது திரும்பி வராமல் அதே ஆளின்ர பேரில ரெண்டாவது திறக்க ஏலாது,” என்றார் அவர்.

“எப்ப வரும்?”

“அவை அனுப்பினால் வரும்.”

அவர்கள் அனுப்பவில்லை. நானா நான்கு மாதம் தறப்பாளுக்குள் இருந்தார். ஒவ்வொரு மாதமும் வவுனியாவுக்குப் போய் வருவார். போகும்போது எங்கள் நிலையத்தில் ஏறி, “போட்டு வாறன் தங்கச்சி,” என்பார். திரும்பும்போது ஏறமாட்டார். சந்தியில் பஸ் மாற நிற்பவரை நான் யன்னலால் பார்ப்பேன். கையேட்டின் மூன்று பிரதிகளிலும் வெட்டிய ஒன்றரை வரியைப் பேனையால் ஓரத்தில் எழுதிச் சேர்த்தேன். பணிப்பாளருக்குக் கோபம். முடிந்தது என்று அறிக்கை போன அத்தியாயத்தில் கை வைக்கலாமா என்று கேட்டார். வைப்பேன் என்று சொன்னேன். அவரோடு நான் சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

மாரி தொடங்கியது. தறப்பாளுக்குள் வெள்ளம் வந்தது. பதிவில் பெயர் இல்லாதவர்களுக்கு நிவாரணமும் இல்லை. மகளுக்குப் பன்னிரண்டு வயது, பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கும் பதிவுத் துண்டு கேட்டார்களாம். கார்த்திகை மாதக் காலை ஒன்றில் நானா மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். இருவரும் நனைந்திருந்தார்கள்.

“ஒரு கடிதம் வேணும் தங்கச்சி. புத்தளத்தில இவ படிச்ச பள்ளிக்கூடத்துக்கு. பெரிய சேருக்கு இங்கிலீசில எழுதினால் மதிப்பு. பிள்ளையைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி.”

“அப்ப நீங்கள் போறியளே நானா?”

“பிள்ளை படிக்கவேணுமே.”

ஏழு வரிதான். எழுதி முடித்தேன். சேமிக்கப் போனபோது எடிட்டர் கோப்புக்குப் பெயர் கேட்டது. நான் கையை எடுத்துவிட்டேன். முல்லைத்தீவு என்று வைப்பதா? பள்ளிக்கூடம் என்று வைப்பதா? ஒரு பெயரும் வைக்க எனக்குத் துணிவு வரவில்லை. நானா பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன கேக்குது?”

“பேர் கேக்குது.”

“முந்தி வைச்ச பேரையே வையுங்கோ. இனி அது சரிதானே.”

அவர் குத்திக் காட்டவில்லை. அப்படிச் செய்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தலையைக் குனிந்துகொண்டு அந்தப் பெயரை அடித்தேன். திரையின் அடியில் ஒரு கேள்வி வந்தது. இந்தப் பெயரில் ஏற்கனவே ஒரு கோப்பு இருக்கிறது, அதை அழித்து இதை எழுதவா?

“இப்ப என்னவாம்?” என்றார் நானா.

“பழைய மனுவை அழிக்கட்டோ எண்டு கேக்குது.”

மகள் கதிரையில் இருந்து கால்களை ஆட்டிக்கொண்டிருந்தாள். வெளியே வவுனியா பஸ் கோன் அடித்தது.

“ஓம் எண்டு அடியுங்கோ தங்கச்சி,” என்றார். “பஸ் வந்திட்டுது.”